ரெசின் ரிப்பன் என்று சொல்லி மெழுகு ரிப்பனைத் தலையில் கட்டிவிட்டார்கள்

பினாங்கில் சின்னதாகத் தொழில் செய்து சொந்தமாக லேபிள் அடிக்கிறவர்கள், அதுவும் எண்ணெய் படுகிற சாமான் விற்கிறவர்கள், பிரிண்டருக்கு ரிப்பன் (சூட்டில் உருகி லேபிளில் எழுத்தாக ஒட்டுகிற மை நாடா, மெழுகிலும் வரும், ரெசின் என்கிற பிசினிலும் வரும்) வாங்கப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குப் போன காசு போனதுதான்.

நானும் அம்மாவும் பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தே ஊறுகாய் போட்டு விற்கிறோம். பாதி ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ரெண்டு மளிகைக் கடைக்குப் போகும், மீதி தெரிந்தவர்களுக்கு. முதலில் ரிப்பனே தேவைப்படாத தெர்மல் லேபிள்தான் ஒட்டினோம். கூரியர் பார்சலில் இருக்குமே, நகத்தால் அழுத்திக் கீறினால் கறுப்பாகக் கோடு விழும், அது. அதில் மையே கிடையாது, காகிதத்தின் மேல் உள்ள பூச்சுதான் சூட்டில் கறுக்கிறது, அதனால் வெயிலும் எண்ணெயும் பட்டால் எழுத்து மங்கிவிடும். காலாவதித் தேதி காணாமல் போன புட்டிகளைக் கடைக்காரர் திருப்பிக் கொடுத்த பிறகுதான் பிளாஸ்டிக் லேபிள், அதாவது பிபி லேபிள், அதற்கு ஏற்ற ரிப்பன் என்று மாறினோம்.

ரிப்பன் விற்றவர் நம் ஆள்தான். "தங்கச்சி, இது ஃபுல் ரெசின், எண்ணெயில ஊறப்போட்டாலும் அசையாது" என்றார். ரோல் 65 வெள்ளி (ரிங்கிட்), எட்டு ரோலுக்கு 520 வெள்ளி. பில்லில் "ரிப்பன் 110 x 300, 8" என்று அளவும் எண்ணிக்கையும் மட்டும் எழுதிக் கொடுத்தார். நானும் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் எழுத்து கன்னங்கரேலென்று விழுகிறது. எங்கள் மெஷினில் டார்க்னெஸ், அதாவது சூட்டின் அளவு, 15 வரை உண்டு, 7இல் வைத்தே, வேகத்தையும் குறைக்காமலே, அப்படி விழுந்தது. நல்ல சரக்கு என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தேன். ரெசின் சீக்கிரம் உருகாது, அதற்குச் சூடு அதிகம் வேண்டும், மெதுவாகவும் ஓட்ட வேண்டும். குறைந்த சூட்டில் கறுப்பாக விழுகிறது என்றாலே அது அநேகமாக மெழுகு என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்?

ரெண்டு வாரம் கழித்து அம்மா, மூடியோரம் கசிந்த எண்ணெயைத் துணியால் துடைத்தார். துணியெல்லாம் கறுப்பு. எலுமிச்சையில் 'எலு' மட்டும்தான் மிச்சம்.

ஃபோன் போட்டால் "சூட்டக் கூட்டுங்க தங்கச்சி". கூட்டினேன். 12க்குப் போனதும் பார்கோடு கோடுகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, கடையில் ஸ்கேன் ஆகவில்லை. மறுபடி ஃபோன், மறுபடி அதே பதில். 15இல் ரிப்பன் சுருங்கிச் சுருங்கி அறுந்தது, லேபிளும் சூட்டில் நெளிந்தது. அப்புறம் எது அடித்தாலும் நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. ஹெட்டில், அதாவது சூட்டால் எழுத்தை அடிக்கிற முனையில், ஒரு புள்ளி செத்துவிட்டது. சூட்டை ஏற்றியதால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், மெஷினும் பழசுதான். ஆனால் அதுவரை அந்தக் கோடு இல்லை.

என் தம்பி பாயான் லெபாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறான், அங்கே நாள் முழுக்க லேபிள்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தவன் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினான், பஞ்சில் ஹேண்ட் சானிடைசர் தொட்டு ஒரு தேய். "அக்கா, இது வேக்ஸ், மெழுகு. காகித லேபிளுக்கு அடிக்கிறது. பிபில அடிச்சா சும்மா மேலேயேதான் உக்காந்திருக்கும்." வேக்ஸ், வேக்ஸ்-ரெசின், ரெசின் என்று மூன்று வகை உண்டாம், நடுவில் உள்ளது பளபளப்புக் காகிதத்துக்கும் சில பிபிக்கும் தாங்கும், எண்ணெய் என்றால் ரெசின்தான் பத்திரம். அடுத்த வாரம் வேறு இடத்தில் ஒரே ஒரு ரெசின் ரோல் வாங்கி வந்தான். 7இல் எழுத்து பேய் மாதிரி வெளிறித் தெரிந்தது, 12இல் வைத்து வேகத்தை நொடிக்கு 2 அங்குலமாகக் குறைத்ததும் பளிச்சென்று விழுந்தது. நல்லெண்ணெய் ஊற்றித் தேய்த்தோம், அசையவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். முதலில் லேபிள் சரியில்லை என்றார், பிறகு ரோலைப் பிரித்துவிட்டீர்களே என்றார், கடைசியில் "ரெசின்னு பில்லுல எங்க இருக்கு?" என்றார். தங்கச்சி எல்லாம் போய்விட்டது. நுகர்வோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று பார்த்தால், 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டு உபயோகத்துக்கு வாங்குகிற மாதிரிப் பொருளுக்குத்தான். தொழிலுக்கு வாங்குகிற ரிப்பன் அதில் சேராது.

அதனால் சொல்கிறேன், விலையைப் பார்த்து நம்பாதீர்கள், நான் கொடுத்தது ரெசின் விலைதான். உங்கள் லேபிளில் நாலைந்தும் கொஞ்சம் எண்ணெயும் கடைக்கே எடுத்துப் போய், அவர்கள் மெஷினில் அடித்துக் காட்டச் சொல்லி, அங்கேயே தேய்த்துப் பாருங்கள். தயங்கினால் வெளியே வந்துவிடுங்கள். பில்லில் 'ஃபுல் ரெசின்' என்று எழுதி வாங்காமல் காசை நீட்டாதீர்கள். ரிப்பன் லேபிளைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லையென்றால் லேபிள் ஓரம் ஹெட்டை நேராக உரசிக்கொண்டே இருக்கும்.

மிச்சமிருந்த ஆறு ரோலையும் இப்போது அட்டைப்பெட்டிமேல் ஒட்டுகிற காகித லேபிளுக்கு ஓட்டுகிறேன். 7 போதும், அருமையாக விழுகிறது, நடுவில் அந்த வெள்ளைக் கோட்டோடு.