மட்டக்களப்புக் கல்லடியில் நான்கு வருடம்: என் ஸ்ட்ராட்டில் பழையகாலப் பாணிப் பிக்கப்புகள்

என்னுடையது ஒரு மலிவு ஸ்ட்ராட் வகைக் கிற்றார், அதாவது ஃபென்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்துச் செய்த மின்கிற்றார். பாவித்த சாமானாக வாங்கியது. மரமும் கழுத்தும் நல்லவை, சத்தம்தான் மனதுக்கு ஒத்துவரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவோடு வாசிப்பேன். மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் கஃபிரிஞ்ஞா ஆட்டத்துக்கும் கூப்பிடுவார்கள். அங்கே வயலினுக்கும் மண்டலினுக்கும் இடையில் கிற்றார் தாளத்தைத் தாங்க வேண்டும், அவற்றை மூடக்கூடாது. என் கிற்றாரோ மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே மாதிரிக் கத்தியது.

பிளேற்றைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள். ஆறு இரும்புக் குச்சிகள், அடியில் ஒட்டிய செராமிக் காந்தக் கட்டை. பழைய ஃபென்டர் பிக்கப்புகளில் அந்தக் குச்சிகளே காந்தம்: அலுமினியம், நிக்கல், கோபால்ட் எல்லாம் இரும்போடு கலந்த அல்னிகோ. அதைச் சுற்றி 42 கேஜ் செப்புக் கம்பி. மின்தடை சுமார் 6 கிலோ ஓம்தான் வரும். சத்தம் குறைவு. ஆனால் விரலின் அழுத்தம் மாறுவது அப்படியே காதில் விழும். நான் தேடியது அதைத்தான்.

எதைத் தெரிவது என்பதில் இரண்டு மாதம் போனது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது மூன்றாவது ஜீ தந்தி, கம்பி சுற்றிய தடித்த தந்தி. அதற்கேற்பக் காந்தக் குச்சிகளை ஏற்ற இறக்கமாக வைத்தார்கள். ஜீக்கு உயரம், இரண்டாவது பீ தந்திக்குத் தாழ்வு. இன்று நாம் போடுவது சுற்றாத ஜீ. அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்பற்றும் பிக்கப்பைப் போட்டால் ஜீ முன்னுக்குத் துள்ளும், பீ பின்னுக்குப் போகும். பழைய கழுத்தின் வளைவும் 7.25 அங்குல ஆரம், என்னுடையது 9.5, அதைவிடத் தட்டை, அதனாலும் அந்த ஏற்ற இறக்கம் பொருந்தாது. ஏற்ற இறக்கம் இருந்தால்தான் அசல் என்பவர்கள் உண்டு. அவர்கள் தேடும் அழகை மதிக்கிறேன். ஆனால் கோர்ட் பிடித்துத் தாளம் வாசிப்பவனுக்கு ஆறு தந்தியும் சமமாகக் கேட்க வேண்டும். 1970களின் நடுவில் ஃபென்டரே குச்சிகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. அதனால் பிக்கப் செய்யும் சீமோர் டங்கன் நிறுவனத்தின், ஏற்ற இறக்கக் குச்சிகள் உள்ள எஸ்எஸ்எல்-1ஐ விட்டு, ஒரே மட்டக் குச்சிகள் உள்ள எஸ்எஸ்எல்-2ஐ எடுத்தேன். லண்டனில் இருக்கும் மச்சான் லீவில் வரும்போது கொண்டுவந்து தந்தான்.

பெட்டியைத் திறந்து மல்ரிமீற்றர் வைத்தால் 6.8 கிலோ ஓம் காட்டியது. 6.5 என்றுதான் படித்திருந்தேன். போலிச் சாமானோ என்று பதறி, ரேடியோ திருத்தும் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மனே, செம்பு சூடேறினா ஓமும் ஏறும். அவங்க போட்டிருக்கிறது குளிர் நாட்டுக் கணக்கு" என்றார். வீட்டில் கணக்குப் பார்த்தேன். ஒரு பாகைக்கு 0.39 வீதம் கூடும். 20 பாகையில் 6.5 என்றால் 32 பாகையில் 6.8. சரியாகவே இருந்தது. இங்கே வெயில் நேரத்தில் அளந்து பார்த்து யாரும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

ஈயம் பற்றவைத்ததும் அவர்தான். சத்தத்தையும் ரோனையும் (ஒலியின் கூர்மையை) கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டுகள் கரகரத்தன, அவற்றையும் எடுத்துவிட்டு 250 கிலோ ஓம் பொட்டுகள் போட்டோம்.

பூட்டி முடித்த அன்றே ஏமாந்துபோனேன். தடித்த ஈ தந்தியைப் பன்னிரண்டாம் கட்டைக்கு (ஃப்ரெட்) மேல் அழுத்தினால் சுருதி அலைந்தது, ஒரு நோட்டுக்குள் இரண்டு நோட்டு அடிபட்டது போல. பிக்கப்பில் பிழை இல்லை. அல்னிகோக் குச்சி தந்தியை நேரடியாக இழுக்கும், நானோ பழைய செராமிக் பிக்கப் இருந்த உயரத்திலேயே விட்டிருந்தேன். கடைசிக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குச்சிக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியை அடிமட்டத்தால் அளந்தேன். பழைய பாணிக்கு ஃபென்டர் சொல்லும் அளவு தடித்த பக்கம் 2.4 மில்லிமீற்றர், மெல்லிய பக்கம் 2. மூன்று பிக்கப்புகளில் கழுத்துப் பக்கத்ததை நான் 3 வரை இறக்கினேன். அப்போதுதான் அது வாய் திறந்தது. பிக்கப் மாற்றுவதற்கு முன் இந்த உயரத்தைச் சரிபார்த்திருந்தால் பழையதிலேயே பாதிக் குறை தீர்ந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

இரைச்சல் உண்டு. ஒற்றைச் சுருள் பிக்கப் 50 ஹேர்ட்ஸ் கரண்டின் ஊளையை வாங்கியே தீரும். கோயிலில் ரியூப் லைற்றும் மின்விசிறியும் ஒன்றாக ஓடும்போது கூடுதலாகக் கேட்கும். நடுப் பிக்கப்பை மட்டும் கம்பிச் சுற்றும் காந்த முனையும் எதிர்த்திசையில் உள்ளதாகக் கேட்டு வாங்கியதால், சுவிட்சின் இரண்டாம், நான்காம் இடங்களில், அதாவது நடுவும் பக்கத்துப் பிக்கப் ஒன்றும் சேரும் இடங்களில், இரைச்சல் அடங்கிவிடும். பழைய ஸ்ட்ராட்டில் இப்படி இருக்கவில்லை, ஐந்து நிலைச் சுவிட்ச்சே 1977இல்தான் வந்தது. இந்த ஒன்றில் பழமையை விட்டுக்கொடுத்ததற்கு எனக்குத் துளியும் வருத்தமில்லை. செபம் நடக்கும்போது கிற்றார் மௌனமாக இருப்பது பெரிய நிம்மதி.

உப்புக் காற்றைச் சொல்லாமல் விட முடியாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறோம். இரண்டாம் வருட மாரியில் குச்சிகளின் தலையில் பழுப்பு பூத்தது. அல்னிகோவிலும் இரும்புதானே. எண்ணெய் தொட்ட துணியால் மாதம் ஒருமுறை மெல்லத் துடைக்கிறேன், அதற்கு மேல் பரவவில்லை. சத்தத்திலும் மாற்றமில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், தூள் காந்தத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கழுத்துப் பக்கமும் நடுவும் சேர்ந்த சத்தம், ஆறெட்டுத் தாளத்தில் வயலினுக்குக் கீழே மெதுவாகத் தட்டும்போது, இந்தச் செலவு முழுவதற்கும் ஈடானது. ஓங்கித் தட்டினால் மட்டுமே முன்னுக்கு வருகிறது. பிரிட்ஜ் (உடலில் தந்திகள் தங்கும் இடம்) பக்கத்துப் பிக்கப்பின் உச்ச ஒலி மட்டும் மூன்று வருடம் காதைக் குத்தியது. பழைய வயரிங் முறையில் அந்தப் பிக்கப்புக்கு ரோன் பொட்டே கிடையாது. போன வருடம் சுவிட்சிலிருந்து கடைசிப் பொட்டுக்கு ஒரு சிறு வயர்த் துண்டு இழுத்தேன். அந்தப் பொட்டைப் பாதி இறக்கி வைத்தே இப்போது வாசிக்கிறேன்.