மாகுலா சிதைவுக்கு எந்த மாத்திரை: பழைய ஏரெட்ஸா, ஏரெட்ஸ் 2-ஆ, வெறும் லூட்டீனா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அப்பாவுக்கு நாங்கள் வாங்குவது ஏரெட்ஸ் 2 என்ற வைட்டமின், தாதுக் கலவை மாத்திரை. வயதால் வரும் மாகுலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி பழுதாவது) அவருக்கு நடுத்தர நிலையில் இருக்கிறது என்று விழித்திரை மருத்துவர் சொன்ன பிறகு, கடையில் கிடைத்த அட்டைகளின் பின்பக்கத்தையெல்லாம் படித்து, மருத்துவரிடமும் கேட்டு எடுத்த முடிவு.

போட்டி மூன்றுக்குள்தான். அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஆய்விலிருந்து 2001-இல் வந்த பழைய ஏரெட்ஸ் கலவை, 2013-இல் வந்த அதன் திருத்தம், அப்புறம் 'கண்ணுக்கு நல்லது' என்று தனியாக விற்கும் லூட்டீன் (கீரையிலும் முட்டை மஞ்சள் கருவிலும் உள்ள நிறமி).

பழையதிலும் புதியதிலும் பெரும்பகுதி ஒன்றுதான்: தினமும் வைட்டமின் சி 500 மி.கி., வைட்டமின் இ 400 ஐ.யு., துத்தநாகம் 80 மி.கி., தாமிரம் 2 மி.கி. போன பார்வையை எதுவும் திருப்பித் தராது. நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு நோய் முற்றும் அபாயம் ஐந்தாண்டில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. 2001-இல் தெரிந்தது அவ்வளவே. பழையதில் இருந்த பீட்டா கரோட்டின் (கேரட்டில் உள்ள நிறமி) 15 மி.கி.-ஐ எடுத்துவிட்டுப் புதியதில் லூட்டீன் 10, அதே வகை நிறமியான ஸீயாசாந்தின் 2 மி.கி. சேர்த்தார்கள்.

எங்கள் வீட்டில் தராசு சாய்ந்தது அங்கேதான். அப்பா பல வருடம் பீடி பிடித்தவர். விட்டும் வெகுகாலம் ஆகிறது. "அதான் விட்டாச்சே" என்பார். ஆனால் புதிய கலவையைச் சோதித்த இரண்டாம் ஆய்வில், புகைப்பவர்களுக்கும் விட்டு ஓராண்டு ஆகாதவர்களுக்கும் பீட்டா கரோட்டின் தரவே இல்லை. அப்படியிருந்தும் அதைச் சாப்பிட்ட பிரிவில் 23 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. சாப்பிடாத பிரிவில் 11 பேருக்கு. அவர்களில் பெரும்பாலோர் எப்போதோ புகையை விட்டவர்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகவே இருந்தது. லூட்டீனில் அந்த ஏற்றம் இல்லை. 1994-இலேயே பின்லாந்தில் புகைப்பவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு இதே எச்சரிக்கையைத் தந்திருந்தது. (கேரட் பொரியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பேச்சு மாத்திரையின் அளவைப் பற்றியது.) பீட்டா கரோட்டின் கலந்த கண் மாத்திரைகள் இன்னும் விற்பனையில் இருப்பதால், பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தைப் படிப்பது அவசியம். புகையே தொடாதவருக்கும் புதியதைத்தான் சொல்வேன்: பலனில் அது பின்தங்கவில்லை.

வெறும் லூட்டீன் மலிவு, வயிற்றுக்கும் இதம். ஆனால் ஆய்வில் பலன் தந்தது முழுக் கலவை. லூட்டீன் மட்டும் அந்த வேலையைச் செய்யும் என்று அங்கே நிறுவப்படவில்லை. மீன் எண்ணெயையும் சேர்த்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை. முருங்கைக்கீரையும் முட்டை மஞ்சள் கருவும் தாராளமாகச் சாப்பிடலாம், மாத்திரைக்கு மாற்றாக அல்ல.

ஏரெட்ஸ் 2-இல் தொல்லை துத்தநாகம்தான். வெறும் வயிற்றில் போட்டால் அப்பாவுக்குக் குமட்டுகிறது. சாப்பாட்டுக்குப் பிறகு பரவாயில்லை. 25 மி.கி. போட்டவர்களுக்கும் 80 போட்டவர்களுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்பதால், அளவைக் குறைக்கலாமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்கப் போகிறோம்.

அப்பாவின் பார்வை இப்போதைக்கு அப்படியே இருக்கிறது. மாத்திரையாலா, தானாகவா என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. நோய் ஈர வகைக்கு (விழித்திரைக்கு அடியில் இரத்தக் குழாய்கள் கசியும் நிலைக்கு) மாறினால் கண்ணில் ஊசிதான் வழி. "குடும்பத்தில் இருக்கிறதே, நானும் போடட்டுமா?" என்று தம்பி கேட்டான். ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கே பலன் தெரியவில்லை, உனக்கு எதற்கு என்றேன்.