ஊகிப்பதா, கேட்பதா? புதுச்சேரித் தெருநடைக்கு ஒலிவழிகாட்டி செய்த அனுபவம்

புதுச்சேரியின் தமிழ்ப் பகுதியில் சிறிய தங்கும் விடுதி ஒன்றை நடத்தும் நண்பர், தம்மிடம் வந்து தங்குவோர் கைப்பேசியில் கேட்டுக்கொண்டே நடந்து போகும்படி ஓர் ஒலிவழிகாட்டி செய்து தர முடியுமா என்று கேட்டார். பாரதி பூங்காவில் ஆயி மண்டபத்தின் முன் தொடங்கி, பெரிய வாய்க்காலைத் தாண்டித் தமிழ்த் தெருக்களுக்குள் சென்று, வைசியாள் வீதியைப் பார்த்துவிட்டு மறுபடி கிழக்கே திரும்பி, கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே முடியும் நடை அது. மொத்தம் 11 நிறுத்தங்கள். எல்லாருக்கும் ஒரே பேச்சை ஓடவிடுவதில் எங்கள் இருவருக்குமே விருப்பமில்லை. கேட்பவர் யார், எந்த நேரத்தில் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல்லும் விதம் மாற வேண்டும் என்று நினைத்தோம்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. கைப்பேசியின் மொழி அமைப்பு, ஜிபிஎஸ் காட்டும் இடம், ஒரு நிறுத்தத்தில் ஒருவர் செலவிடும் நேரம் ஆகியவற்றைக் கவனித்து, வழிகாட்டி தானாகவே உள்ளடக்கத்தை மாற்றிக்கொள்வது முதல் வழி. தொடக்கத்தில் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டு, பயனர் சொன்னதை வைத்து மட்டும் மாறுவது இரண்டாம் வழி. முன்னதை ஊகிக்கும் முறை என்றும் பின்னதைக் கேட்கும் முறை என்றும் வைத்துக்கொள்வோம். முதலில் ஊகிக்கும் முறையில் செய்து சில மாதங்கள் ஓட்டிவிட்டுப் பிறகு கேட்கும் முறைக்கு மாறியவன் நான் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

பார்ப்பதற்கு ஊகிக்கும் முறைதான் அழகு. எதையும் தொடாமல் நடந்தால் போதும், குரல் தானே பேசத் தொடங்கும். கேட்கும் முறையில், வெயிலில் நின்றுகொண்டு திரையில் மூன்று இடங்களைத் தொட்டாக வேண்டும். இந்த ஒரு வசதியில் ஊகிக்கும் முறைக்கு ஈடில்லை.

ஆனால் அந்த வசதி ஜிபிஎஸ்ஸை நம்பி நிற்கிறது. திறந்த வெளியில் கைப்பேசியின் ஜிபிஎஸ் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியம் தரும். மாடி வீடுகள் நெருங்கி நிற்கும் தெருவில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புவதால் அந்தத் துல்லியம் குலையும். எங்கள் நிறுத்தங்களில் சில, எதிரும் புதிருமாக இருக்கும் இரண்டு வீடுகள். அங்கே குரல் இடப்பக்க வீட்டைப் பற்றிப் பேச, கேட்பவர் வலப்பக்க வீட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். தவிரவும் எங்களுடையது செயலியன்று, இணையப் பக்கம். திரை அணைந்ததும் இருப்பிடத் தகவல் வருவது நின்றுவிடும். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டவர்களுக்கு வழிகாட்டி ஊமையாகிவிட்டது. இப்போது விடுதியில் கொடுக்கும் ஒரு தாளில் 11 கியூஆர் குறிகளை அச்சிட்டிருக்கிறோம். பழைய வீடுகளின் சுவரில் எதையும் ஒட்டக் கூடாது என்பதால்தான் தாள். 1994இல் ஜப்பானில் கார் உதிரிப்பாகங்களை அடையாளம் காண உருவான அந்தக் கட்டம் போட்ட குறி, நாங்கள் செயற்கைக்கோளை வைத்துச் செய்த வேலையை அதைவிடச் சுத்தமாகச் செய்கிறது.

நேரத்தை வைத்து ஆர்வத்தை அளப்பது இன்னும் சிக்கலானது. பாரிசின் பொம்பிடு மையக் கண்காட்சி ஒன்றில் பார்வையாளர்கள் நடந்த விதத்தைக் கவனித்த இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள், 1983இல் அவர்களை எறும்பு, பட்டாம்பூச்சி, மீன், வெட்டுக்கிளி என நான்கு வகையாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றாக ஒட்டி நின்று பார்ப்பவர் எறும்பு. நடுவில் நீந்திப் போய்விடுபவர் மீன். அருங்காட்சியகங்களுக்குத் தகவமைக்கும் வழிகாட்டிகளைச் செய்தவர்கள் பின்னாளில் இந்தப் பிரிப்பை எடுத்துக்கொண்டார்கள். நாங்களும் ஆசையோடு எடுத்துக்கொண்டோம். ஒரு நிறுத்தத்தில் நெடுநேரம் நிற்பவரை எறும்பு என்று கணக்கிட்டு, அடுத்த நிறுத்தத்தில் நீண்ட விளக்கத்தை ஓடவிட்டோம். அருங்காட்சியகத்துக்குள் வெயில் அடிப்பதில்லை என்பதை மறந்துவிட்டோம். தமிழ் வீடுகளின் திண்ணைக்கு முன்னே தெருப்பக்கம் இறங்கும் தாழ்வாரத்தின் நிழலில் மே மாதத்தில் எவர்தாம் நெடுநேரம் நிற்கமாட்டார்? இளநீர் குடித்துக்கொண்டிருந்தவரையெல்லாம் எங்கள் கணக்கு கட்டடக்கலை ஆர்வலராக்கி, அடுத்த இடத்தில் மரத்தூணின் போதிகையைப் பற்றி விரிவாகச் சொற்பொழிவாற்றியது.

மொழி விஷயத்தில் பட்டதுதான் எனக்கு உறைத்தது. கடலூரிலிருந்து பேரனோடு வந்திருந்த ஓர் அம்மாள் பேரனின் கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். அந்தக் கைப்பேசியின் மொழி ஆங்கிலம் என்பதால் வழிகாட்டியும் ஆங்கிலத்தில் தொடங்கியது. “ஏம்ப்பா, நம்ம ஊரு கதைய இது தமிழ்ல சொல்லாதா?” என்று அவர் என்னிடமே கேட்டார். இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற, இங்கே ‘சொல்தா’ என்று அழைக்கப்படுபவர்களின் பேரப்பிள்ளைகள் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வருகிறார்கள். வீட்டில் கேட்டுப் பழகியதால் தமிழ்ப் பேச்சு அவர்களுக்குப் புரியும், எழுத்து தெரியாது. அவர்களுக்கு வேண்டியது தமிழ்க் குரலும் பிரெஞ்சு எழுத்தும். எந்தக் கருவியின் மொழி அமைப்பிலிருந்தும் இதை ஊகித்துவிட முடியாது. ‘எந்த மொழியில் கேட்கிறீர்கள்? எந்த மொழியில் படிக்கிறீர்கள்?’ என்று பிரித்துக் கேட்டால் இரண்டு தொடுதலில் முடிந்துவிடுகிறது.

இவையெல்லாம் இருந்தும் நான் ஊகிக்கும் முறையைக் கைவிடாமல் சரிசெய்துகொண்டே இருந்திருப்பேன். முடிவை மாற்றியது பராமரிப்பு. மூன்று மொழி, சுருக்கம் அல்லது விரிவு, குழந்தைகளோடு வருபவர் அல்லது பெரியவர் மட்டும், பகல் அல்லது மாலை என்று வைத்தால் ஒரு நிறுத்தத்துக்கு 24 விதமான வெளிப்பாடுகள். 11 நிறுத்தங்களுக்கு 264. உள்ளடக்கத்தைத் துண்டுகளாக வெட்டிச் சேர்த்தால் பதிவுசெய்ய வேண்டியவை குறையும் என்பது உண்மைதான். இரண்டு முறைகளிலும் நாங்கள் அப்படித்தான் செய்தோம். எந்தத் துண்டு யாருக்குப் போகிறது என்று தீர்மானிக்கும் விதிகளில்தான் வேறுபாடு. எத்தனை விநாடி நின்றால் ஆர்வம், எத்தனை முறை தாண்டிப் போனால் அலுப்பு, பகல் எப்போது மாலையாகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை வகுத்தோம். ஓர் எல்லையை நகர்த்தினால் மற்றொன்று பிசகியது.

ஒருமுறை, ஒரு வீட்டின் முகப்பில் சீரமைப்புப் பணி தொடங்கி, வாசலை நீலத் தகரத்தால் அடைத்துவிட்டார்கள். “நிமிர்ந்து தூண்களைப் பாருங்கள்” என்ற வரியை மூன்று மொழிகளிலும் நீக்கிப் புதிதாகப் பதிவுசெய்தோம். சில வாரங்கள் கழித்து விடுதியில் தங்கிய ஒருவர், தகரத்தை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுகிறதே என்று சிரித்துக்கொண்டே குறைப்பட்டார். அவர் கேட்ட வரியை என் கைப்பேசியில் வரவழைக்க இரண்டு நாள் முயன்றேன், வரவில்லை. அவர் நின்ற நேரம், தாண்டிய நிறுத்தங்கள், வந்த வேளை எல்லாம் சேர்ந்து அமைந்த பாதை அது. அதே பாதையில் நான் மறுபடி நடந்தால்தான் அந்தப் பிழை என் கண்ணில் படும்.

கேட்கும் முறையில் பயனரின் தேர்வுகள் பக்கத்தின் முகவரியிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. குறை சொல்பவர் அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், அவர் கேட்டதையே நான் வீட்டிலிருந்து கேட்டுவிடலாம். திருத்த வேண்டிய துண்டு உடனே தெரிந்துவிடும். ஆள்பலம் இல்லாத இரண்டு பேர் மாலை வேளைகளில் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த இரண்டு நாளை அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

சட்டமும் இந்தப் பக்கமே சாய்கிறது. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் நடத்தையைக் கண்காணிப்பதைத் தடுக்கிறது. எங்கள் நடையில் பாதிப் பேர் பிள்ளைகளோடு வரும் குடும்பத்தினர். நின்ற நேரத்தைக் குறித்துவைக்காவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

என் அனுபவம் ஒரே ஒரு நடையோடு நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் உறவில் ஊகிப்பதற்குப் போதிய தடயம் சேர்வதில்லை. ஒரே மாணவர் மாதக்கணக்கில் வந்துபோகும் பாடச் செயலிகளில் நிலைமை வேறாக இருக்கலாம். ஒரு சொல்லை எப்போது மறக்கப்போகிறோம் என்பதைப் படிப்பவரைவிட அவருடைய பழைய விடைகள் நன்றாகச் சொல்லும். ஆகவே, மறக்கும் தறுவாயில் மறுபடி கேட்கும்படி இடைவெளியைக் கணிக்கும் நிரல்கள் 1980களிலிருந்தே பயனில் இருக்கின்றன. அங்கே ஊகிக்கும் முறையைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை.

எங்கள் வழிகாட்டியிலும் ஊகம் அறவே ஒழிந்துவிடவில்லை. திரையின் அளவுக்கு எழுத்து தானே பொருந்திக்கொள்கிறது. கைப்பேசி இருள் அமைப்பில் இருந்தால் பக்கமும் கறுப்பாகிறது. இவற்றைத் தவிர மிஞ்சியிருப்பது கடிகாரம் ஒன்றுதான். மாலை 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்னால் காந்தி சிலைக்கு வந்து சேர்பவரை நடைபாதையிலேயே நிற்கச் சொல்கிறது குரல்; பின்னால் வருபவரிடம், சாலையின் நடுவிலேயே நடக்கலாம் என்கிறது.