விர்டஸ் 1.5 டிஎஸ்ஐ: ஓட்டிப் பார்த்ததும் விலை பேசியதும்

ஷோரூம் விலை இருபது லட்சத்தைத் தாண்டாமல், ஓட்டுகிறவருக்கு உற்சாகம் தரக்கூடிய ஒரு செடான் வேண்டும் என்று தேடினால், கையில் நிற்பவை ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா, ஹூண்டாய் வெர்னா டர்போ என்ற மூன்றுதான். எஸ்யூவி மோகத்தில் மற்ற நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டன. மூன்றையும் ஓட்டிப் பார்த்து, மூன்றுக்கும் விலை பேசி, கடைசியில் விர்டஸின் 1.5 லிட்டர் டிஎஸ்ஐ டர்போ பெட்ரோல் என்ஜினும், தானாகவே கியர் மாற்றும் டிஎஸ்ஜி கியர்பெட்டியும் கொண்ட காரை வாங்கினேன். காரைப் பற்றிய விமர்சனங்கள் ஏற்கெனவே ஏராளமாக இருப்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதிகம் எழுதப்படாத விலை பேசும் படலத்துக்கு இக்கட்டுரையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன். எந்த விற்பனை நிலையத்தில் எது நடந்தது என்பதைக் குறிப்பிடப் போவதில்லை. ஏறக்குறைய இதே நடைமுறைகளை எல்லா நிறுவனங்களின் ஷோரூம்களிலும் பார்க்க முடிந்தது.

விர்டஸ் 2022 ஜூன் மாதம் விற்பனைக்கு வந்தது. ஸ்லாவியாவும் இதுவும் புனேக்கு அருகிலுள்ள சாக்கன் ஆலையில், ஒரே அடித்தளத்தின் மீது, ஒரே என்ஜின்களோடு தயாராகும் உடன்பிறப்புகள். 1498 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் டர்போ என்ஜின் 150 பிஎஸ் குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. தாள் கணக்கில் பார்த்தால் வெர்னா டர்போ 160 பிஎஸ், 253 நியூட்டன் மீட்டர் என்று ஒரு படி முன்னே நிற்கிறது. நேர்சாலையில் அந்த வேகமும் உண்மைதான். ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங் கையோடு பேசுகிற விதத்தில் விர்டஸ் என்னை வென்றுவிட்டது. முழு முறுக்குவிசையும் நிமிடத்துக்கு 1600 என்ஜின் சுற்றுகளிலேயே கிடைத்துவிடுவதால், வளைவை முடித்து வெளியே வரும்போது கியரைக் குறைக்காமலே கார் மேலே இழுத்துக்கொண்டு போகிறது. மிதமான வேகத்தில் செல்லும்போது இரண்டு சிலிண்டர்கள் தாமாகவே ஓய்வெடுத்துக்கொள்கின்றன. மீட்டரில் அதற்கான குறிப்பு தோன்றுகிறதே தவிர, காதுக்கோ காலுக்கோ எந்த மாற்றமும் தெரிவதில்லை.

குறைகளும் உண்டு. இவ்வளவு திறனுள்ள காருக்குப் பின்சக்கரத்தில் டிரம் பிரேக் கொடுத்திருப்பது கஞ்சத்தனம். நடைமுறையில் அது தடையாக இருக்கவில்லை என்றாலும், முன்புறம் சிவப்பு வண்ணம் பூசிய டிஸ்க் பிரேக் காலிப்பரைக் காட்டிவிட்டுப் பின்புறம் டிரம்மை ஒளித்து வைப்பது விளம்பர உத்திதான். நகர நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது டிஎஸ்ஜி முதல் இரண்டு கியர்களுக்கிடையே சற்றுத் தயங்கித் தள்ளுகிறது. பின்னிருக்கையில் இரண்டு பேருக்குத் தாராளமாக இடமிருக்கிறது. மூன்றாமவர் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். 521 லிட்டர் டிக்கி, 2023-இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் பாதுகாப்புச் சோதனையில் பெற்ற ஐந்து நட்சத்திரம், நம் ஊர் வேகத்தடைகளைத் தாண்டுவதற்குப் போதுமான 179 மில்லிமீட்டர் தரை இடைவெளி ஆகியவை குடும்பத்தினரைச் சம்மதிக்க வைக்கப் பயன்பட்டன.

இனி விலை. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி மாற்றியமைக்கப்பட்டபோது, நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் 1500 சிசிக்குள் என்ஜினும் கொண்ட இந்த வகைக் கார்களுக்கு மேல்வரியோடு சேர்த்து 45 விழுக்காடாக இருந்த வரி, மேல்வரி நீங்கி 40 விழுக்காடாகக் குறைந்தது. அந்தக் குறைப்பு எல்லாருக்கும் சட்டப்படி கிடைப்பது. அதையே தங்கள் ஷோரூமின் சலுகை போலத் தள்ளுபடிப் பட்டியலின் முதல் வரியில் ஒரு விற்பனை ஆலோசகர் எழுதிக் காட்டினார். பேரம் தொடங்குவதற்கு முன்பே பட்டியலின் அந்த முதல் வரியை அடித்துவிடச் சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டில், வரியும் காப்பீடும் எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை ஊதிப் பெருக்குவது சாலை வரிதான். 2023 நவம்பரிலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு 18 விழுக்காடு, இருபது லட்சத்துக்கு மேற்பட்டவற்றுக்கு 20 விழுக்காடு என்று ஆயுள் வரி விதிக்கப்படுகிறது. 18 லட்ச ரூபாய் காருக்கு வரி மட்டும் 3,24,000 ரூபாய். 19,90,000 ரூபாய் மாடலுக்கு 3,58,200 ரூபாய் கட்டுகிறவர், கூடுதல் வசதிகளுக்கு ஆசைப்பட்டு 20,10,000 ரூபாய் மாடலுக்குத் தாவினால் 4,02,000 ரூபாய் கட்ட வேண்டும். அதாவது இருபதாயிர ரூபாய் வித்தியாசத்துக்கு வரியில் நாற்பத்து நான்காயிரம் கூடுகிறது. உயர்ந்த மாடலை நோக்கி மெல்ல நகர்த்திக்கொண்டு போகும் ஆலோசகர் இந்தக் கணக்கைத் தாமாகச் சொல்வதில்லை. புதுச்சேரி முகவரி ஒன்று இருந்தால் வரியை மிச்சப்படுத்தலாம் என்று ஒருவர் மட்டும் தணிந்த குரலில் யோசனை சொன்னார். உண்மையில் அங்கே குடியிராதவர்கள் அந்த வழியில் போய் வழக்கில் சிக்கிய செய்திகள் நாளிதழ்களில் வந்தவைதான். அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

வரியில் பேரம் இல்லை. ஷோரூம் விலையில் நிறுவனம் அந்த மாதத்துக்கு அறிவித்திருக்கும் கழிவுக்கு மேல் விற்பனையாளரால் இறங்கக்கூடியது சொற்பம். ஆகவே பேரத்துக்கு உண்மையில் இடமிருப்பது விலைச்சீட்டில் இவ்விரண்டுக்கும் கீழே வரும் இனங்களில்தான்: காப்பீடு, துணைப்பொருள்கள், கையாளும் கட்டணம், கடன், பழைய காருக்கான விலை. முதல் சந்திப்பில் எல்லா ஷோரூம்களும் ஒரே தொகையாக ஆன்ரோடு விலையைச் சொல்லிவிட்டு, அதிலிருந்து ஒரு கவர்ச்சியான எண்ணைக் கழித்துக் காட்டுகின்றன. நான் ஒவ்வொரு இனத்தையும் பிரித்து எழுதிய விலைச்சீட்டை ஷோரூமின் மின்னஞ்சலிலிருந்து அனுப்பும்படி கேட்டேன். இரண்டு இடங்களில் உடனே வந்தது. ஒரு கடையில் “நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்” என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. அந்தக் கடைக்கு மறுபடி போகவில்லை.

வந்த சீட்டு ஒன்றில் 'எசென்ஷியல் கிட்' என்ற தலைப்பில் மிதியடி, சேறு தடுப்பான், கார் உறை, நறுமணப் புட்டி ஆகியவற்றுக்குச் சேர்த்து ஒரு பெருந்தொகை போட்டிருந்தார்கள். அதற்கடுத்து 'லாஜிஸ்டிக்ஸ்' என்றொரு இனம். தயாரிப்பு ஆலையிலிருந்து காரைக் கொண்டுவரும் செலவு ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும்போது இது எதற்கு என்று கேட்டதும், கணினியில் அந்த இனம் மறைந்துவிட்டது. யாரும் வாதாடவில்லை, வாதாடுவதற்கு அவர்களிடம் எதுவுமில்லை. 'ஆர்டிஓ செலவு' என்று மொத்தமாக எழுதியிருந்ததையும் பிரிக்கச் சொன்னேன். காருக்குப் பதிவுக் கட்டணம் 600 ரூபாய். கடனில் வாங்கினால் அடைமானக் குறிப்புக்கு 1,500 ரூபாய். ஆயுள் வரியோடு சிறு கட்டணங்கள் சிலவற்றைச் சேர்த்த பிறகும் மிஞ்சி நிற்கிற தொகைக்கு அரசு ரசீது கிடைக்காது என்றால், அதைத் தரவேண்டிய கட்டாயமும் இல்லை.

பணம் அதிகம் புழங்குவது காப்பீட்டில். 2018 செப்டம்பரிலிருந்து புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம்; அதன் கட்டணம் அரசு நிர்ணயிப்பது, எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். வேறுபாடு சொந்தச் சேதத்துக்கான ஓராண்டுப் பகுதியிலும் அதோடு சேர்க்கும் கூடுதல் பாதுகாப்புகளிலும் இருக்கிறது. “இன்ஷூரன்ஸ் நம்மகிட்ட எடுத்தாதான் சார் இந்த ஆஃபர்” என்று மூன்று நிறுவனங்களின் ஷோரூம்களிலும் ஏறத்தாழ ஒரே சொற்களில் கேட்டேன். காப்பீட்டை எந்த நிறுவனத்திடமும் எடுக்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. வெளியே நானே பெற்ற மதிப்பீட்டுக்கும் ஷோரூம் தந்ததற்கும் இடையே இருபதாயிரத்துக்கு மேல் வேறுபாடு இருந்தது. ஒப்பிடும்போது இரண்டு சீட்டிலும் காப்பீட்டு மதிப்பு (கார் முழுதும் நாசமானால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை) ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். புதிய காருக்கு அது வழக்கமாக ஷோரூம் விலையில் 95 விழுக்காடு. அதைக் குறைத்துவிட்டுப் பிரீமியம் குறைவு என்று காட்டுவது பழைய வித்தை. தேய்மானக் கழிவு இல்லாத பாதுகாப்பு, என்ஜின் பாதுகாப்பு, முழு இன்வாய்ஸ் தொகையும் கிடைக்கும் பாதுகாப்பு ஆகிய மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டேன்.

பழைய காரில் ஐந்தாண்டுகள் இழப்பீடு கோராமல் இருந்தவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் ஐம்பது விழுக்காடு வரை கழிவு உண்டு. அந்தக் கழிவு காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. காப்பீட்டு நிறுவனத்திடம் சான்று வாங்கிப் புதிய காருக்கு மாற்றிக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்சில் பழைய காரை ஒப்படைக்கிற அவசரத்தில் பலர் இதைக் கேட்பதே இல்லை, ஷோரூமும் நினைவூட்டுவதில்லை. பழைய காரின் விலையைப் புதிய காரின் பேரத்தோடு கலக்க விடாமல் இருப்பதும் நல்லது. வெளிச்சந்தையில் இரண்டு மூன்று மதிப்பீடுகளை வாங்கி வைத்துக்கொண்டு, எக்ஸ்சேஞ்ச் போனஸையும் சேர்த்தால் ஷோரூம் தரும் தொகை அதைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்தேன். முதலில் தாண்டவில்லை. மாத இறுதியில் மேலாளரே அழைத்தபோது தாண்டியது.

இந்த மாத இறுதி விஷயம் வெறும் வாய்ப்பேச்சு அல்ல. விற்பனை இலக்கை எட்டினால்தான் விற்பனையாளருக்கு நிறுவனத்திடமிருந்து ஊக்கத்தொகை கிடைக்கும் என்பதால், கடைசி வாரத்தில் ஒரு காரை அதிகமாகப் பதிவு செய்வதற்காகத் தம் பங்கிலிருந்து விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராகிறார்கள். டிசம்பரில் இது இன்னும் கூடும். ஆனால் டிசம்பரில் கழிவோடு வாங்கும் கார், ஒரே மாதத்தில் 'போன வருஷத்து மாடல்' ஆகிவிடுகிறது. ஏழெட்டு ஆண்டுகள் வைத்து ஓட்டுகிறவருக்கு அது பொருட்டில்லை. மூன்றாண்டில் மாற்றுகிறவர் அந்தக் கழிவை மறுவிற்பனையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

இவையெல்லாம் ஸ்டாக் இருக்கும் காருக்குத்தான் பொருந்தும். 2025-இல் முழுமையாகக் கட்டமைக்கப்பட்டு இறக்குமதியான ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ ஏறத்தாழ 53 லட்ச ரூபாய்க்கு வந்தபோது, முதல் 150 கார்களும் முன்பதிவிலேயே தீர்ந்துபோயின. அதே ஆண்டு அக்டோபரில் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 265 பிஎஸ் திறனோடு 49,99,000 ரூபாய்க்கு நூறே கார்கள். விலை அறிவிக்கப்படும் முன்பே அத்தனைக்கும் ஆள் இருந்தது. அந்த வரிசையில் நிற்பவரிடம் கழிவைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை. இங்கே ஜிடிஐக்குக் கட்ட வேண்டிய ஆயுள் வரியே பத்து லட்சத்தைத் தாண்டும். அந்தப் பணத்துக்கு அருமையான சின்னக் கார் ஒன்று வந்துவிடும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பேரம் முடிந்த பிறகு, கழிவை இன்வாய்ஸிலேயே காட்டும்படி வலியுறுத்தினேன். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு விற்பனையாளர் ஒரு விழுக்காடு டிசிஎஸ் (விற்கும்போதே வாங்குகிறவரிடம் வசூலிக்கும் வருமான வரி) பிடிக்க வேண்டும்; இன்வாய்ஸ் தொகை குறைந்தால் அதுவும் குறையும். பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அது இழப்பு அல்ல, ஆனால் விலைச்சீட்டில் அதைச் செலவாகவே எழுதுகிறார்கள்.

முழுத் தொகையும் செலுத்துவதற்கு முன், எனக்கென்று ஒதுக்கிய காரின் சேசிஸ் எண்ணைக் கேட்டு வாங்கி, ஸ்டாக்யார்டில் போய் அந்தக் காரைப் பார்த்தேன். இதற்கு முதலில் தயங்கியவர்கள், பிறகு தாங்களே வண்டி வைத்து அழைத்துச் சென்றார்கள். புழுதி படிந்து நின்ற காரின் டயர்ப் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. நான்கு டயர்களிலும் அது ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. ஸ்டெப்னியில் மட்டும் சில வாரங்கள் முந்தியது. ஓடிய தூரம், கண்ணாடிகளில் பொறித்த எண்கள், கதவு விளிம்புகளின் பெயிண்ட், பேட்டரி ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதம் என்னவாகப் பதியப்போகிறது என்பதையும் கேட்டுக்கொண்டேன். பின் பம்பரில் ஒரு மெல்லிய கீறல் இருந்தது. அதை மெருகேற்றித் தருவதாகச் சொன்னார்கள். வேறு கார் வேண்டும் என்றேன், பணம் இன்னும் என் கணக்கில் இருந்ததால் பேச்சு நீளவில்லை. இரண்டாவதாகக் காட்டிய காரில் சொல்லும்படியாக எதுவுமில்லை.

கடைசியாகக் கேட்டு வாங்கியது நீட்டிப்பு உத்தரவாதம். ஏழு வேக டிஎஸ்ஜி எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகையைச் சேர்ந்தது. ஏற்றத்திலும் நெரிசலிலும் அரை கிளட்சில் ஊர்ந்தால் சூடேறும், பழுது வந்தால் செலவு சிறியதாக இருக்காது. துணைப்பொருள் கிட்டை இலவசமாகத் தருகிறேன் என்றவரிடம் அதை வைத்துக்கொள்ளச் சொல்லி, அந்த மதிப்புக்கு உத்தரவாதத்தை நீட்டித் தரக் கேட்டேன். மேலாளரிடம் கேட்டு வருகிறேன் என்று உள்ளே போனவர், வெகுநேரம் கழித்து அதற்கான விலையில் பாதியை நான் தருவதென்று பேசி முடித்து வந்தார். மிதியடியை வெளியே வாங்கிக்கொண்டேன்.