'நேச்சுரல் கண்டிஷனிங்' என்று சொல்லி தோல் பையைப் பாழாக்கினார்கள்: கவனமாக இருங்கள்

ஷூ, ஹேண்ட்பேக் எல்லாம் சுத்தம் செய்து பாலிஷ் போட்டுத் தரும் கடைகள் சென்னையில் இப்போது நிறைய வந்துவிட்டன. சிலர் 'கெமிக்கல் இல்லாத இயற்கை கண்டிஷனர்' (தோலை மிருதுவாக வைக்கத் தேய்க்கும் எண்ணெய், மெழுகு) என்றே போர்டு வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கடையில் அப்பாவின் தோல் பையைக் கொடுத்தேன். 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு பையைக் கெடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இன்னொருவர் பைக்கும் இந்தக் கதி வரக் கூடாது.

பை பெரியமேட்டில் வாங்கியது. சாயம் ஏற்றாத ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல். ஆவாரம்பட்டை, கடுக்காய் என்று மரப்பட்டையும் காயும் வைத்துப் பதனிடும் நம் ஊர்ச் சரக்கு, 2008-ல் புவிசார் குறியீடும் பெற்றது. இந்தத் தோலின் மேல் பெயின்ட் மாதிரி பூச்சு கிடையாது. எண்ணெயோ தண்ணீரோ, எது பட்டாலும் உறிஞ்சிக்கொள்ளும், நிறமும் மாறும். இதையெல்லாம் கடைக்காரரிடம் எடுத்துச் சொன்னேன். "தெரியும் சார், நாங்க தேன்மெழுகும் லானோலினும் மட்டும்தான் போடுவோம்" என்றார். லானோலின் என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் மெழுகு. பில்லில் 'நேச்சுரல் கண்டிஷனிங்' என்று இரண்டே வார்த்தை.

திரும்ப வந்தபோது பாலித்தீன் கவரில் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள். பிரித்ததும் பெயின்ட் கடை வாசனை. தேன் நிறத்தில் இருந்த பை கருப்பட்டியாகிவிட்டிருந்தது. மேல் மூடியில் விரலை வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. தையல் ஓரமெல்லாம் எண்ணெய் தேங்கி, வெள்ளை நூல் பழுப்பேறியிருந்தது. தோளில் மாட்டிய அன்றே சட்டையில் பட்டையாகக் கறை. கேட்டதற்கு, "ஊறினா சரியாயிடும் சார், அதுதான் நேச்சுரல்" என்று பதில்.

சரியாகவில்லை. மழைக்காலம் வந்ததும் பை முழுக்க வெள்ளைப் புள்ளிகள். அதற்கும் கடையில் பதில் தயாராக இருந்தது: "அது பங்கஸ் இல்ல, மெழுகு பூத்திருக்கு." மெழுகோ கொழுப்போ தோலில் வெள்ளையாகப் பூப்பது உண்மைதான். ஆனால் அப்படிப் பூத்தது ஹேர் ட்ரையர் சூட்டில் உருகி மறைந்துவிடும். அவர்கள் கவுண்டரிலேயே ட்ரையரைக் காட்டினேன். ஒரு புள்ளி கூட மறையவில்லை. எண்ணெய் மிதமிஞ்சி, அதோடு ஈரக்காற்றும் சேர்ந்து வந்த பூஞ்சைதான் அது.

அப்புறம்தான் உள்ளே வேலை செய்யும் பையன் கேனைக் காட்டினான். லின்சீட் ஆயில். அதில் பாரஃபின் மெழுகை உருக்கிக் கலக்கிறார்களாம். தேன்மெழுகும் இல்லை, லானோலினும் இல்லை.

லின்சீட் ஆயில் என்பது ஆளிவிதை எண்ணெய். இயற்கையானதுதான், மரச்சாமான்களுக்கு நல்லதும் கூட. ஆனால் காற்றுப் பட்டால் இறுகிப் படலமாகும் எண்ணெய் இது. அதனால்தான் தச்சர்கள் பயன்படுத்துகிறார்கள். வளைய வேண்டிய தோலுக்குள் அதை ஊற்றினால் முதலில் பிசுபிசுக்கும், பிறகு விறைத்து வெடிக்கும். ஆக, 'இயற்கை' என்று சொல்வதில் ஒன்றுமே இல்லை. என்ன எண்ணெய் என்பதுதான் கேள்வி. ஆலிவ் எண்ணெய், நல்லெண்ணெய் போன்ற சமையல் எண்ணெய்களும் நாளாக ஆக சிக்கு வாடை அடிக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும்.

தோலுக்கென்றே வெகுகாலமாகப் பயன்படுத்துவது தேன்மெழுகு, லானோலின், மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் ஆயில். இவையும் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்க்க வேண்டியவை. அதுவும் முதலில் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் கொஞ்சம் தடவி, ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் தொட வேண்டும். உங்கள் பையில் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். ரெக்ஸின், பி.யு. போன்ற செயற்கைத் தோல் பைகளுக்கு இந்த ட்ரீட்மென்ட்டால் எந்தப் பயனும் இல்லை. அவை எண்ணெயை உறிஞ்சாது. அதற்கும் இதே கடையில் முழுக் கட்டணம் வாங்குகிறார்கள்.

வீட்டில் போட்டுக்கொள்ளச் சொல்லி அங்கே ஒரு 'லெதர் பாம்' (தோலில் தேய்க்கும் களிம்பு) டப்பாவும் விற்கிறார்கள். அதில் தயாரிப்பாளர் முகவரி இல்லை, தயாரித்த மாதம் இல்லை, எம்.ஆர்.பி. கூட இல்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி இவை மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். இந்த மாதிரி டப்பா எங்கே கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பையைக் கொடுப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். என்ன பூசப்போகிறார்கள் என்பதை, எண்ணெயின் பெயரோடு பில்லில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் பின்னால் பேச முடியும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை. அடுத்து ஆணையத்துக்குத்தான் போகப்போகிறேன். போட்டோ, பில், சட்டை எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன்.