1950-க்கு முன்னால் இங்கே இருந்தீர்களா?

வடக்கு இங்கிலாந்தில் ஒரு அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் இடுக்கி மாவட்டம், குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு போகும் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அண்ணன் மகளுக்கு சாதிச் சான்றிதழ் என்று இரண்டு வேலைகள் இருந்தன. முதல் வேலை எளிதாக முடிந்தது. இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. மலையோரத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் அதே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன.

கேரளத்துக்குப் போகிறவர்கள் கொச்சியில் இறங்குவதுதான் வழக்கம். எங்கள் பக்கத்துக்கு மதுரைதான் வசதி, அதனால் கொழும்பு வழியாக மதுரைக்கு வந்தேன். ஆரப்பாளையத்தில் குமுளி பஸ் ஏறினால் உசிலம்பட்டி, தேனி, கம்பம், கூடலூர் என்று வந்து, லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தைத் தாண்டி மலை ஏறும். தேனிக்கு 2022-இலும் போடிக்கு 2023-இலும் அகல ரயில் பாதை வந்துவிட்டது. கம்பம் பக்கம் இன்னும் ரயில் இல்லை, பஸ்தான். தமிழ்நாட்டு பஸ் எல்லையோடு நின்றுவிடும். பெட்டியை இழுத்துக்கொண்டு செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்தால் கேரள பஸ். கண்டக்டர் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, தமிழிலேயே எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். குமுளியில் யார் தமிழர், யார் மலையாளி என்று பார்த்துப் பேசுகிற வழக்கம் சாதாரண நாளில் கிடையாது. எல்லாருக்கும் இரண்டு மொழியும் வரும்.

சாதாரண நாளில் என்று சொன்னேன். 2011 டிசம்பர் அப்படி இருக்கவில்லை. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை உடைந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம், தண்ணீர் போய்விடும் என்ற பயம் இன்னொரு பக்கம். குமுளி எல்லையே அடைபட்டது. ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் அடிபட்டு, நூற்றுக்கணக்கில் குழந்தை குட்டியோடு மலை இறங்கி ஓடினார்கள். கம்பம் பக்கம் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் தாக்கப்பட்டன. நான் அப்போது நர்ஸிங் மாணவி. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, எதிரே மளிகைக் கடை வைத்திருந்த சேட்டன் ராத்திரி எல்லாம் கடைத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார், யாரும் எங்கள் பக்கம் வந்துவிடக் கூடாது என்று. 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கு இன்னும் ஏதோ ஒரு வடிவத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஊர் பழையபடி ஆகிவிட்டது. ஆனாலும் பெரியாற்றில் தண்ணீர் ஏறும் மழைக்காலத்தில் அம்மா போனில் பேசும் தொனி மாறுவதை இன்றும் கேட்கிறேன்.

கண் ஆபரேஷனுக்கு மலை இறங்கித் தேனி அரவிந்துக்குப் போனோம். 1985-இலிருந்து அங்கே இருக்கும் ஆஸ்பத்திரி; எங்கள் மலையில் பாதிப்பேர் கண்ணாடி அங்கே போட்டதாகத்தான் இருக்கும். நான் இருபுறமும் கவனித்துக்கொண்டே இருந்தேன், தொழில் புத்தி. பதிவு, பார்வைப் பரிசோதனை, சொட்டு மருந்து, டாக்டர், லென்ஸ் விலை சொல்லும் கவுன்சிலர் என்று ஒவ்வொரு நிலையிலும் ஆள் யார், அடுத்து எங்கே என்பது சந்தேகமில்லாமல் தெரிந்தது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் இதே ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் வயதானவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் பணம் கட்டுவதில்லை, நாங்கள் கட்டினோம். தமிழ்நாடு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வேண்டும், அம்மாவிடம் இருப்பது கேரள கார்டு. கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குப் போயிருந்தால் செலவு குறைந்திருக்கும். அம்மாவோ தனக்கு வலிப்பதைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். வயதான நோயாளிகள் பயப்படும்போது தாய்மொழிக்குத் திரும்புவதை நான் வார்டில் தினமும் பார்க்கிறேன், அதனால் மறுபேச்சுப் பேசவில்லை.

அப்புறம் சான்றிதழ். அண்ணன் மகள் பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், என்னைப் போல நர்ஸிங் படிக்க ஆசை. நாங்கள் பட்டியல் சாதி. கல்லூரிச் சேர்க்கைக்குச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. அரசு சேவைகளுக்கான அக்ஷயா மையத்தில் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டோம். 2002-இல் மலப்புறத்தில் தொடங்கி கேரளம் முழுக்கப் பரவிய இந்த மையங்களை நான் மனதாரப் பாராட்டுவேன். மலைமேல் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருக்கும் பெண், கூட்டம் நெருக்கியடிக்கும்போதும் பொறுமையாக ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் காட்டி நிரப்பினார். பொங்கலுக்கு இடுக்கியில் உள்ளூர் விடுமுறை என்பதால் ஒரு நாள் போனது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். எங்கள் பண்டிகைக்கு எங்கள் மாவட்டத்தில் அலுவலகம் மூடுகிறார்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்ட அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் யாரும் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: உங்கள் குடும்பம் 1950-க்கு முன்னால் இங்கே இருந்ததற்கு ஆதாரம் என்ன?

இந்தக் கேள்வி சும்மா முளைத்ததில்லை. பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-இல் வந்தது. அந்த நாளில் ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ அந்த மாநிலத்தின் பட்டியலில்தான் அதற்கு உரிமை. பிறகு குடிபெயர்ந்தால் உரிமை பழைய மாநிலத்தோடு நின்றுவிடும். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தேவிகுளம் தொகுதியில் 2021-இல் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆன ஏ.ராஜாவின் வழக்கிலும் இதுதான் பேசப்பட்டது. அவர் தாத்தா பாட்டி 1950-க்கு முன்பே மூணாறு பக்கம் வந்தவர்களா, குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியதா என்ற இரண்டு கேள்விகள். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் தேர்தலைச் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, அவர் தேர்தல் செல்லும் என்றது. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு உச்ச நீதிமன்றம் வரை போக முடிந்தது. கொழுந்து பறிக்கிற அண்ணி எங்கே போவார்?

எங்கள் கொள்ளுத்தாத்தாவைச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்தார். பாட்டி பிறந்ததே லயத்தில். ஊரில் இதை மறுக்க ஒருவரும் இல்லை. ஆனால் காகிதம்? அன்றைக்கு ஒரு கூலிக் குடும்பத்திடம் என்ன காகிதம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தொழிலாளிக்கு வீடு, வைத்தியம், விடுப்பு என்று முதலாளியின் கடமைகளைச் சொல்லும் தோட்டத் தொழிலாளர் சட்டமே 1951-இல்தான் வந்தது. முதல் பொதுத்தேர்தலும் 1951-52-இல்தான். நிலம் இல்லை, அதனால் பட்டா இல்லை. பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, அதனால் சேர்க்கைப் பதிவேட்டிலும் பேர் இல்லை. மீதி இருப்பது வேலையாட்களின் பேரும் வருகையும் எழுதும் எஸ்டேட் மஸ்டர் புத்தகம் மட்டும். எஸ்டேட் கைமாறியது, ஃபேக்டரி மூடியது, பழைய புத்தகங்கள் எங்கள் கையில் இல்லை என்று இப்போதைய நிர்வாகம் சொல்லிவிட்டது.

இன்னொரு சிக்கலை எங்கள் மலை ஆட்கள் மட்டுமே புரிந்துகொள்வார்கள். அந்தக் காலத்துப் பதிவேடுகளை ஒழுங்காகக் காப்பாற்றி வைத்திருக்கும் இடம் சர்ச். சித்தப்பா வழியில் ஒரு கிளை கிறிஸ்தவர்கள்; அவர்கள் ஞானஸ்நானப் பதிவு 1940-களிலேயே இருக்கிறது. குடும்பம் இங்கே இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் 1950 ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கிடையாது. சீக்கியர்களை 1956-இலும் பௌத்தர்களை 1990-இலும் சேர்த்தார்கள், அத்தோடு நின்றது. அந்தப் பதிவேட்டை எடுத்துக் காட்டினால் எங்கள் கிளையின் மீதும் சந்தேகம் விழும் என்று அண்ணன் அதைத் தொடவே விடவில்லை. அவர் பயம் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

இங்கிலாந்தில் எந்த விண்ணப்பத்திலும் இனம் எது என்று ஒரு கட்டம் இருக்கும். ஆசியர், அதற்குள் இந்தியர் என்று டிக் செய்வேன். யாரும் ஆதாரம் கேட்டதில்லை. நான் சொல்வதுதான் அங்கே கணக்கு. மருத்துவமனையில் மலையாளி நர்ஸுகளுக்கு நான் இடுக்கிக்காரி, ஓணத்துக்கு இலை போட்டுக் கூப்பிடுவார்கள். தமிழ்ச் சங்கத்தில் ஊர் கேட்டு இடுக்கி என்றதும், அப்போ மலையாளியா என்பார்கள். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் மட்டும் லயம், கங்காணி என்று நான் சொன்னதும் உடனே புரிந்துகொண்டார். அவர் நாடான இலங்கையில் மலையகத் தமிழர் கதையும் இதே காகிதக் கதைதான். 1948-இல் குடியுரிமையே போனது.

ஆனால் தெருவில் நிலைமை வேறு. 2024 ஜூலை 29-இல் சவுத்போர்ட்டில் நடன வகுப்பில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் படகில் வந்த அகதி என்று பொய் பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். பல ஊர்களில் கலவரம். ராதர்ஹாமில் அகதிகள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அந்த வாரம் எங்கள் வார்டில் நிறம் கறுத்த யாரும் ஷிப்ட் முடிந்து தனியாகப் போகவில்லை. ஒரு மாதம் முன்புதான், ஜூலை 4-இல், அந்த நாட்டுப் பொதுத்தேர்தலில் நான் ஓட்டுப் போட்டிருந்தேன். காமன்வெல்த் குடிமக்கள் அங்கே வசித்தால் ஓட்டுப் போடலாம். இந்திய பாஸ்போர்ட்டோடே போட்டேன். காகிதத்தில் நான் அங்கே முழு மனுஷி, தெருவில் இறங்கினால் என் தோல்தான் தெரிகிறது. ஊரில் தெருவுக்கு என்னைத் தெரியும், காகிதத்துக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் சேர்ந்து கிடைக்கும் இடம் ஒன்று வேண்டும் என்று கேட்பது பேராசையாக எனக்குத் தோன்றவில்லை.

நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கு ஐந்து ஆண்டு என்று இருந்ததைப் பத்தாக்கப் போவதாக 2025 மே மாதம் பிரிட்டிஷ் அரசு வெள்ளை அறிக்கை விட்டது. அதனால் வீட்டில் பேச்சு முழுக்க திரும்பி வருவதைப் பற்றித்தான். எங்கே திரும்புவது? லயம் கம்பெனி வீடு. அம்மா ஓய்வு பெற்ற பிறகும் அண்ணி வேலைக்குப் போவதால்தான் அங்கே இருக்க முடிகிறது. 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்து எழுபது பேர் போனார்கள். அதற்குப் பிறகு அடை மழை என்றால் அண்ணன் தூங்குவதில்லை. கம்பத்தில் இரண்டு சென்ட் வாங்கலாம் என்கிறார். வாங்கினால் நீங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்தானே என்ற பேச்சுக்கு அதுவே ஆதாரமாகிவிடும் என்று அண்ணி தடுக்கிறார். எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்கு இரண்டு மாநிலத்திலும் ஓட்டு இருக்கிறது என்று ஒவ்வொரு தேர்தலிலும் குற்றச்சாட்டு வரும். சிலருக்கு இருக்கத்தான் செய்தது, அது தப்பு. ஆனால் ஓய்வு பெற்றால் வீடு போய்விடும் என்ற நிலையில் வைத்துவிட்டு, கீழே ஏன் வீடு தேடினாய் என்று கேட்பதும் சரியில்லை. வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் 2002 பட்டியலைக் கேட்டார்கள். அதில் அம்மா பேர் இருந்தது, நல்லவேளை.

அலுவலகத்தில் எங்களுக்கு வழி காட்டியவர் ஒரு கிளார்க். தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று கேரள பி.எஸ்.சி. தனியாக ஆள் எடுக்கிறது, அப்படி வந்தவர். “அக்கா, நீங்க தமிழ்லயே எழுதிக் குடுங்க, வாங்கிக்கணும்னு சட்டம் இருக்கு. புத்தகம் இல்லன்னா வயசான ஆளுங்க வாக்குமூலம் கேட்கச் சொல்லி எழுதுங்க” என்றார். 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தில் சிறுபான்மைத் தமிழருக்கு அந்த உரிமை இருப்பது உண்மைதான், ஆனால் கவுன்டரில் யாராவது எடுத்துச் சொன்னால்தான் அது உரிமையாகிறது. தொண்ணூறு தாண்டிய ஒரு பாட்டி, எங்கள் பாட்டியோடு கூடை தூக்கியவர், வந்து வாக்குமூலம் கொடுத்தார். அண்ணனுக்கு 90-களில் கொடுத்த சான்றிதழின் நகலையும் சேர்த்தோம். நான் கிளம்பும்வரை முடிவு வரவில்லை.

நம் பக்கத்து ஆட்கள் இதைப் படித்தால் ஒன்று செய்யுங்கள். வீட்டில், அக்கம்பக்கத்தில் வயதானவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வையுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பி.எஃப். எண், பிரசவ ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவானாலும் நகல் எடுங்கள். சட்டசபைத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நேராகக் கேளுங்கள்: எஸ்டேட்டுகளின் பழைய மஸ்டர் புத்தகங்களை அரசு கையில் எடுத்து, பேர்களை வரிசைப்படுத்தி, தாலுகா அலுவலகத்திலேயே வைக்க முடியுமா, முடியாதா? புத்தகம் கரையான் அரித்துப் போனதற்கு அந்தப் புத்தகத்தில் பேர் எழுதப்பட்டவர்களைத் தண்டிக்கக் கூடாது. இதே கோரிக்கையைத் தமிழில் மனுவாக எழுதி, எங்கள் லயத்துப் பெண்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, ஓட்டுக் கேட்டு வந்த மூன்று கட்சிக்காரர்களிடமும் அண்ணி கொடுத்திருக்கிறார்.