அட்டை நிறமாலைகாட்டி: சில வருடப் பாவனைக்குப் பிறகு

கொக்குவிலில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். அணுக்கட்டமைப்பு அலகு தொடங்கும்போதெல்லாம் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் இந்தச் சின்ன நிறமாலைகாட்டி மேசைக்கு வந்துவிடும். ஓர் அட்டைப்பெட்டி, ஒரு பக்கம் ஒடுங்கிய பிளவு, மறுபக்கம் நுண்கோடுகள் பதித்த பிளாஸ்டிக் படலம், அவ்வளவுதான். வாங்கலாமா என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு என் பதில்: தயங்காமல் வாங்குங்கள்.

சோடியத்துக்காகவே வாங்கலாம். ஆனையிறவு உப்பைக் கரைத்து, அதில் ஓர் ஈர்க்கை நன்றாக ஊறவைத்து, காஸ் அடுப்புச் சுவாலையில் பிடியுங்கள். வெறுங்கண்ணுக்குச் சுவாலை மஞ்சளாகும். பெட்டிக்குள்ளால் பார்த்தால் 589 நானோமீற்றர் அலைநீளத்தில் ஒரு மெல்லிய கோடு பளிச்சென்று நிற்கும். சோடியம் அணுவின் வெளிச் சக்திமட்டமான 3எஸ்-இல் இருக்கும் ஒற்றை இலத்திரன் சூட்டில் அதற்கு மேலுள்ள 3பீ-க்கு ஏறி, திரும்ப விழும்போது விடும் ஒளி அது. சக்திமட்டங்கள் தனித்தனியானவை என்று எத்தனை படம் கீறிக் காட்டினாலும் வராத நம்பிக்கை, இதைப் பார்த்த உடனே பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. உண்மையில் அங்கே 589.0, 589.6 என இரண்டு கோடுகள் உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டும் திறன் இந்தப் பெட்டிக்கு இல்லை.

பழைய சீஎஃப்எல் குமிழ் இருந்தால் எறியாதீர்கள். அதன் ஒளியில் தெரியும் 436 நானோமீற்றர் நீலக்கோடு பாதரச ஆவியுடையது. 611-ஐ ஒட்டிய சிவப்பு, உட்பூச்சிலுள்ள யூரோப்பியத்தினது. எல்ஈடியில் தொடர்பட்டைதான் தெரியும்.

படலத்தில் விரல் பட்டால் கோடுகள் மங்கும், துடைத்தால் இன்னும் மோசம். மார்கழி மழைக்கு அட்டை ஈரம் இழுத்துப் பிளவு விரிந்துவிடும். அதனால் டப்பாவில் அடைத்து வைக்கிறேன். சூரியனை இதனால் நேரே பார்க்க ஒருவரையும் விடாதீர்கள்.

சரி, இலத்திரன் நிலையமைப்பை, அதாவது எந்த மட்டத்தில் எத்தனை இலத்திரன்கள் என்பதை, படிப்பிக்க இது போதுமா? போதாது. குரோமியத்தின் வெளி இலத்திரன்கள் ஏன் 3டீ-இல் ஐந்து, 4எஸ்-இல் ஒன்று (3டீ⁵ 4எஸ்¹) என அமைகின்றன என்று இந்தக் கோடுகள் சொல்லாது. நிலையமைப்பை விளங்கவைக்க, முதலாம் அயனாக்கற் சக்திகளை, அதாவது அணுவிலிருந்து முதல் இலத்திரனை அகற்றத் தேவையான சக்திகளை, வரைபுத்தாளில் குறிக்க வைக்கிறேன். நைதரசனுக்கு மோலுக்கு 1402 கிலோயூல், அடுத்த ஒட்சிசனுக்கு 1314. கருவில் ஒரு புரோத்தன் கூடியும் ஏன் இறங்கியது என்று பிள்ளைகளே கேட்பார்கள். நைதரசனின் மூன்று 2பீ இலத்திரன்களும் தனித்தனி ஓபிற்றல்களில் (ஒவ்வொன்றிலும் இரண்டு இலத்திரன்கள் வரை இருக்கக்கூடிய இடங்களில்) இருக்கின்றன. ஒட்சிசனில் நான்காவது சோடி சேர வேண்டியிருப்பதால் தள்ளுகை கூடி, ஒன்றை அகற்றுவது இலகுவாகிறது. சம சக்தியுள்ள ஓபிற்றல்களில் இலத்திரன்கள் முதலில் தனித்தனியே நிரம்பும் என்ற ஹுண்டின் விதி அந்த இடத்தில்தான் மனதில் ஏறுகிறது. நிறமாலைக் கோடுகளை முதலில் காட்டிவிட்டு வரைபுக்குப் போனால் நல்ல பலன். மாற்றிச் செய்தபோது பாதிப் பேர் மனப்பாடத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

வாங்கும்போது மேலதிகப் படலம் ஒன்றையும் சேர்த்து எடுங்கள்.